கிளீட்டஸின் அதிகபட்சம்

நடுக்கடலில் வலையில் விழுந்த நெய்மீன் ஒன்று, ஒன்றும் பூஜ்யமுமாகப் பெட்டிக்குள் படுத்து, வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளை ஒரு சுற்றுச் சுற்றி, வள்ளத்துறைக் கோயில் பங்கு அலுவலகத்து மேசையின்மேல் ஈரம் சொட்டச் சொட்ட எழுந்து துள்ளிய அன்று, அங்கே நின்றிருந்தவர்களில் ஒருவர்கூட வாயைப் பிளக்கவில்லை. உபதேசியார் மேசைத்துணி நாறிப்போயிற்றே என்று எரிச்சல்பட்டார், ஏலக்காரர் வியாகுலம் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து "நல்ல செவப்பு" என்றார், அதன் பிறகு இந்த மீன் பிடித்தவனுக்குச் சொந்தமா, மேசை போட்டுக் கொடுத்த பங்குக்குச் சொந்தமா என்று பேச்சு கிளம்பி, மீன் துள்ளி ஓய்ந்து, பொரிந்து, ஆளுக்கொரு துண்டாக உள்ளே போன பிறகும் ஓயவில்லை.

அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதியவள் சகாய டெல்சி. வள்ளத்துறைக்காரிதான், நாகர்கோவிலில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. தங்கல் தொழிலுக்குப் போகும் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும், செல்போன் எடுக்காது, படகு எங்கே நிற்கிறது, என்ன மீன் எவ்வளவு பட்டது, எல்லாரும் சுகமா என்ற சேதி மட்டும் கரைக்கு வந்தால் போதும் என்று ஊர் கேட்டது. படகுக்கு ஒரு பெட்டி, கரையில் ஒரு பெட்டி. இடையில் இருக்கும் செயற்கைக்கோள் மகா கருமி, ஒரு தடவைக்கு இருநூற்றைம்பத்தாறு பைட்டுக்கு மேல் ஒரு பைட்டும் வாங்காது.

மீன் வந்த சேதி கேட்டு ஓடிவந்த டெல்சி மடிக்கணினியைத் திறந்து தன் நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். மீன் வகைக்கு இவ்வளவு, எடைக்கு இவ்வளவு என்று அவள் இடம் ஒதுக்கியிருந்தாளே தவிர, மீனையே அனுப்பச் சொல்லி எங்கும் எழுதவில்லை. ஆனால் வந்த மீன், ஒதுக்கிய இடத்துக்குள் ஒரு பைட்டும் மிஞ்சாமல் அடங்கித்தான் வந்திருந்தது. அது போதும் அவளுக்கு. மூடி வைத்துவிட்டு அவளும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

டெல்சியின் தொழில் அப்படி. மற்றவர்கள் நிரல் எழுதும்போது பொருள் வரட்டும், வந்தபின் இடம் தேடிக்கொள்ளலாம் என்பார்கள். அவள் செய்கிற சின்னப் பெட்டிகளுக்கு அந்தச் சொகுசு கிடையாது. உள்ளே இருக்கும் இடம் எவ்வளவோ அவ்வளவுதான், நடுக்கடலில் இடம் போதவில்லை என்றால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்க முடியாது. ஆகவே எந்தப் பொருளானாலும் அது பிறக்கும் முன்பே அதன் அதிகபட்ச அளவைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பழக்கம் வேலையோடு நிற்காமல் வாய்க்கும் வந்துவிட்டது. ஆட்டோவில் ஏறும்போது "அதிகபட்சம் எத்தனை பேர ஏத்துவீங்க?" என்பாள், பக்கத்து வீட்டில் சண்டை தொடங்கினால் எட்டிப் பார்த்து "அதிகபட்சம் எந்நேரம் வரைக்கும்?" என்பாள். ஊர் அவளுக்கு அதிகபட்சம் டெல்சி என்றே பெயர் வைத்திருந்தது.

நெய்மீனுக்குப் பிறகு பெட்டி ஊரோடு ஒட்டிக்கொண்டது. வியாகுலம் கடற்கரையில் நட்டிருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டுவந்து பங்கு அலுவலக வாசலில் நட்டார். பூனைகள் இடம் மாறின. கரையிலிருந்து அப்பமும் ஊறுகாயும் போயின, கடலிலிருந்து நண்டும் கணவாயும் வந்தன. ஒரு தடவை படகிலிருந்து சுறா ஒன்றை அனுப்பினார்கள். அது சொன்ன அளவைவிடப் பெரிய சுறா, ஆகையால் அளவு தீர்ந்த இடத்தோடு நின்றுகொண்டு, தலையும் முக்கால் உடம்பும் மட்டும் வந்தது. வால் படகிலேயே தங்கிவிட்டது. இங்கே தலைக்கறி, அங்கே வால்கறி என்று இரண்டு பக்கமும் சாப்பிட்டார்கள், ஆனால் அன்றைக்குத்தான் ஊருக்கு விஷயம் புரிந்தது: அளவைக் குறைத்துச் சொன்னால் மிச்சம் கடலில் நின்றுவிடும்.

அளவே சொல்லாவிட்டால் நிலைமை வேறு. பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். பங்குத்தந்தை ஹிலாரியுஸ் படகுக்காரர்களுக்காக ஒரு பிரசங்கம் அனுப்பப் பார்த்தார். "அதிகபட்சம் எவ்வளவு ஃபாதர்?" என்று டெல்சி கேட்டாள். "அதை முன்கூட்டியே எப்படிம்மா சொல்ல முடியும், ஆவியானவர் விடுகிற வரைக்கும்" என்றார் அவர். சிவப்பு விளக்கு எரிந்தது. கோயிலில் பின்வரிசைக்காரர்கள் அந்தப் பெட்டியின்மேல் அன்றுமுதல் தனி மரியாதை வைத்தார்கள். புதிதாகக் கல்யாணமான ரோஸ்லின் ஒரு முத்தத்தை அனுப்பினாள், அது தடையில்லாமல் போயிற்று, ஆனால் அந்த நேரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் புருஷன் நிற்கவில்லை, படகு டிரைவர் சக்கரியாஸ் நின்றிருந்தார். அவர் பெரிய மனுஷர், கரைக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இந்தச் சக்கரியாஸின் படகில் வேலை பார்த்தவன்தான் கிளீட்டஸ், டெல்சிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று, காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே அவள் கேட்டாள், "ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு பேசுவீங்க?"

"கடல்ல ரொம்பப் பேச மாட்டேன், அங்க கேக்க ஆள் கம்மி" என்றான் கிளீட்டஸ். "கரையில எப்படின்னா, ஒரு தடவ நான் தூத்தூருக்கு வலை வாங்கப் போனேன் பாத்துக்கிடுங்க..." என்று தொடங்கியவன், காப்பி ஆறி, வேறு காப்பி வந்து, அதுவும் ஆறி, வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோதும் தூத்தூர் போய்ச் சேரவில்லை. டெல்சிக்குத் தலை வலித்தது. அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிடிக்காமல் போனது கிளீட்டஸின் அம்மா பிரகாசிக்கு. பிரகாசி மீன் விற்கிறவள். அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு நடந்தே போய் விற்று, புருஷன் இல்லாமல் ஒற்றை மகனை வளர்த்தவள். தான் சொன்ன விலைக்குக் கீழே யாராவது கேட்டால் மீனைத் திரும்பச் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கருவாடு போட்டாலும் போடுவாளே தவிர இறங்கமாட்டாள். "எம் மவன் பேசுகதுக்கு அளவு கேக்கா. நாளைக்குச் சோத்துக்கும் அளவு கேப்பா" என்று தெருத்தெருவாகச் சொன்னாள். இருந்தும் மகன் பிடிவாதம் பிடித்ததால், கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று, எந்தத் தடையும் யாரும் சொல்லவில்லை, தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கல்யாணம். மறுநாள் சாம்பல் புதன். அதன்பின் ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணமும் மேளச்சத்தமும் கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தங்கல் போய்வருகிறேன் என்று போன கிளீட்டஸின் படகு, திரும்பும் வழியில் எஞ்சின் நின்றுபோய் எங்கேயோ ஆழத்தில் மிதந்தது. இன்னொரு படகு போய்க் கட்டி இழுத்து வருவதற்குள் தவக்காலம் பாதி போய்விடும் என்று சேதி வந்தது. பிரகாசி சிலுவை போட்டுக்கொண்டாள். "கடவுளே வேண்டாம்னு சொல்லுகாரு. நான் என்ன செய்ய? மூணு ஓலைக்குத் தடை சொல்ல ஆள் வரல, கடைசில எஞ்சின் சொல்லிப்போட்டு. இந்தச் செவ்வாய் நடக்கலேன்னா இந்தக் கல்யாணம் இல்ல."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்று ஊருக்குத் தெரியும். டெல்சிக்கும் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குப் பிள்ளே இடிஞ்சு போய் இருக்க?" என்றார் வியாகுலம், குடைக்குக் கீழிருந்து. "மீன் வருகு. மீனவன் வரமாட்டானா?"

ஃபாதர் ஹிலாரியுஸ் ஒரு பகல் முழுக்கப் புத்தகங்களைப் புரட்டினார். கடைசியில், மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், எந்த வழியாக வந்தான் என்று திருச்சபை கேட்பதில்லை என்று தீர்ப்பானது.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே பங்கு அலுவலகம் நிறைந்துவிட்டது. பந்தலில் வாழை கட்டியாயிற்று, அடுப்பில் கறி வெந்துகொண்டிருக்கிறது, மாப்பிள்ளையை மட்டும் இன்னும் வரையறுக்கவில்லை. டெல்சி தலையில் பூவோடும் மடியில் கணினியோடும் மேசைமுன் உட்கார்ந்தாள். ஒரு மனுஷன் இருநூற்றைம்பத்தாறு பைட்டில் எப்படி அடங்குவான் என்று கேட்டவர்களுக்கு அவள் பொறுமையாகச் சொன்னாள்: ரெண்டு பக்கத்துப் பெட்டிக்கும் ஏற்கனவே தெரிந்த எதையும் அனுப்ப வேண்டியதில்லை. ஊரில் ஆம்பிளைகள் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதைப் பெட்டிகளில் ஒரேயடியாகச் சொல்லிவைத்துவிட்டால், கிளீட்டஸுக்கென்று தனியாக இருப்பது மட்டும் வந்தால் போதும்.

மாதா சபைப் பெண்கள் இதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொதுவானதைச் சொல்ல அவர்களுக்கு யோசனையே தேவைப்படவில்லை. உடம்பில் போட்டிருக்கும் சட்டையை எங்கே என்று கேட்பது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது, காய்ச்சல் வந்தால் சாகப்போவதாக நினைப்பது, பிரசங்கத்தில் தூங்கிவிட்டுத் தூங்கவில்லை என்று சத்தியம் செய்வது என்று ஆளுக்கொன்றாய்ச் சொல்லச் சொல்ல, கிளீட்டஸ் கரைந்துகொண்டே வந்தான். கடைசியில் அவனுக்கென்று மிஞ்சியது ஒரு கைப்பிடி. சபையின் தலைவி அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு ஆளுக்கு இவ்வளவும் மிஞ்சாது" என்றாள்.

அடுத்து உறவு என்று ஒரு இடம். அதில் கிளீட்டஸின் சித்தப்பாவைப் போட்டார்கள். சித்தப்பா என்றால் அவருக்குள் அவர் உறவு இருக்க வேண்டுமே, ஆகவே அவர் மச்சினன் வந்தார், மச்சினனுக்குள் அவர் சம்பந்தி வந்தார், சம்பந்திக்குள் மறுபடியும் கிளீட்டஸ் வந்தான், அவனுக்குள் மறுபடியும் சித்தப்பா. கணினியின் விசிறி அலற ஆரம்பித்தது. டெல்சி அதை நிறுத்திவிட்டு, "சொந்தக்காரங்க எல்லாரும் இங்கதான இருக்காவ. அவங்களச் சுமந்துகிட்டு அவர் வர வேண்டாம். ஆளுக்கொரு எண் போட்டா போதும், வந்து தேடிக்கிடுவாரு" என்றாள். முதல் எண் தாய்மாமனுக்கா, சித்தப்பாவுக்கா என்று பந்தலில் சிறு சண்டை நடந்து முடிந்தது.

கோபத்துக்கு ஒரு பைட். பிடிவாதத்துக்கு நான்கு. நீச்சல், வலை பின்னுவது, புட்டு பிடிக்காது என்பது, இடது காதுக்குக் கீழே மச்சம், எல்லாம் சொன்ன அளவில் அடங்கி வந்தன. கண்ணில் படும் பெரிய இடம் பேச்சுக்கு. அதற்கு டெல்சி நூறு ஒதுக்கியிருந்தாள். பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு பிரகாசியைப் பார்த்தாள்.

"மாமி, அவருக்கு உங்கமேல உள்ள பாசம். அதிகபட்சம் எவ்வளவு போடட்டும்?"

"அளவு கெடையாது" என்றாள் பிரகாசி.

"அப்படிப் போட்டா பெட்டி எடுக்காது மாமி. ஏதாவது ஒரு எண் சொல்லுங்க."

"அளவு கெடையாதுன்னு சொல்லுகேன்லா."

"இவ்வளவுதான் இருக்குன்னு அர்த்தம் இல்ல மாமி. இதுக்கு மேல போகாதுன்னு மட்டுந்தான் அர்த்தம்."

"அதத்தான் நான் சொல்லமாட்டேன்" என்றாள் பிரகாசி. "எம் மவனுக்கு எம்மேல உள்ள பாசம் இதுக்கு மேல போகாதுன்னு எந்தத் தாய் வாயால சொல்லுவா? நீ சொல்லுவியா?"

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, அளவு கேட்டதற்கு யாரும் டெல்சியை இப்படி மடக்கியதில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது எரிந்தபடி இருந்தது. வெயில் ஏறியது, கறி இறக்கியாயிற்று, மேளக்காரர்கள் இரண்டாம் தடவை டீ குடித்தார்கள். ஃபாதர் வந்து எட்டிப் பார்த்து, இன்று பொழுது சாய்ந்தால் ஈஸ்டருக்குப் பிறகுதான் என்பதை மென்மையாக நினைவுபடுத்திவிட்டுப் போனார். ஈஸ்டருக்குப் பிறகு இல்லை, இனி இல்லவே இல்லை என்பது டெல்சிக்குத் தெரியும்.

பிரகாசி சும்மா உட்கார்ந்து பழகாதவள். எழுந்து மேசைப்பக்கம் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். மீன் எடையைப் படித்துப் படித்து எண்கள் அவளுக்கு நல்ல பழக்கம். "இது என்ன எட்டு?" என்று விரலை வைத்தாள்.

"அது எனக்கு" என்றாள் டெல்சி. "அவருக்கு எம்மேல உள்ளது. அதிகபட்சம் எட்டு."

"எட்டா?"

அந்தக் குரலை வள்ளத்துறை நன்றாக அறியும். நெய்மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சாளை விலைக்கு யாராவது கேட்டால் அவள் வாயிலிருந்து வருகிற குரல் அது.

"எம் மவனுக்கு எட்டா? ஒரு ஆம்பிளப் பிள்ளைய இவ்வளவு சீத்தையாவா கேப்ப? எட்டுக்கு நீ எதுக்குட்டி அவனக் கெட்டுக?"

"நீங்க அளவு இல்லேன்னு சொல்லுகீங்க மாமி. உங்களுக்கு எவ்வளவு வேணுமோ எடுத்துக்கிடட்டும்னுதான் நான் எட்டோட நிறுத்தினேன். எனக்கு அவர் வந்தா போதும்." இதைச் சொல்லும்போதே டெல்சிக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு அதிகபட்சம் எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை, வந்துகொண்டே இருந்தது.

பிரகாசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மகன்மேல் உள்ள பாசம் ஒருபுறம் இருக்கட்டும், தான் பெற்றுக் கொண்டுவந்த சரக்கு எட்டுக்குப் போவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஏலம் தேங்கினால் வியாகுலத்துக்கும் நாக்கு அரிக்கும். அவர் தன்னையறியாமல், "எட்டு, எட்டு, எட்டு ஒரு தரம்" என்றார்.

"பதினாறு" என்றாள் பிரகாசி வியாகுலத்திடம். "அவளுக்குப் பதினாறு போடு."

டெல்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளும் வள்ளத்துறையில் பிறந்தவள்தானே. "அப்ப மாமிக்கு இருபது."

"இவளுக்கு இருபத்தஞ்சு."

"மாமிக்கு முப்பது."

"முப்பது, முப்பது, அம்மைக்கு முப்பது ஒரு தரம்" என்று வியாகுலம் குடையை விட்டு எழுந்தே வந்துவிட்டார். நாற்பதுக்கு நாற்பது என்று இருவரும் ஒரே மூச்சில் சொல்லி, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றபோது, அவர் மேசையில் ஓங்கித் தட்டி "மூணு தரம்" என்றார். அப்புறம்தான் பிரகாசிக்கு உறைத்தது, தன் இடத்துக்கும் ஒரு எண் விழுந்துவிட்டதென்று. அவள் வாயைத் திறந்தாள். ஏலம் முடிந்தபின் பேசுவது அவள் தொழிலுக்கு அழகில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் கூட்டிப் பார்த்தால் பெட்டி நிரம்பி வழிந்தது. எதையாவது குறைத்தாக வேண்டும். மாமியாரும் மருமகளும் திரையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பேச்சு" என்றார்கள் இருவரும்.

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. நூறிலிருந்து வெட்டத் தொடங்கினார்கள், கொஞ்சம் வெட்டினார்கள், போதவில்லை, இன்னும் வெட்டினார்கள். எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்று ஃபாதரிடம் கேட்டார்கள். "நான் எல்லாத்தையும் கேள்வியாக் கேட்டுக்கிடுகேன். அவன் ஆம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார் அவர். தமிழில் எழுத்தும் அதன் கொம்பும் புள்ளியும் தனித்தனியே மும்மூன்று பைட் தின்னும், ஆம் என்பதற்கு ஒன்பது பைட் வேண்டும். ஒன்பது வைத்தாள் டெல்சி. பச்சை விளக்கு எரிந்தது. சுறாவின் வால் அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அங்கே சக்கரியாஸ் பொத்தானை அழுத்தினார். இங்கே மேசைமேல் கிளீட்டஸ் முதலில் காகிதம் போலத் தட்டையாகவும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பியும் எழுந்து உட்கார்ந்தான். மச்சம் இடது காதுக்குக் கீழே சரியாக இருந்தது. காலைத் தொங்கவிட்டுக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். அம்மாவைப் பார்த்து, "அம்" என்றான். டெல்சியைப் பார்த்து, "டெல" என்றான். அதற்கு மேல் இடமில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்பத்திலும் துன்பத்திலும் என்று ஃபாதர் நீளமாகக் கேட்டதற்கெல்லாம் மாப்பிள்ளை "ஆம்" என்று கணீரெனச் சொன்னான். இவ்வளவு அடக்கமான மாப்பிள்ளையை இந்தக் கோயில் பார்த்ததில்லை என்று பெரியவர்கள் பாராட்டினார்கள். பந்தியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார யாரும் பயப்படவில்லை.

முதல் சில நாட்கள் வீட்டில் நிம்மதிதான். ஒரு தடவைக்கு ஒன்பது பைட், அதற்குப் பிறகு வறண்ட கிணறுபோல அடுத்த சொல் ஊற நேரம் பிடிக்கும். "சரி" என்பான். "வா" என்பான். சோறு கேட்டால் பாதியில் நிற்கும், பிரகாசி புரிந்துகொண்டு போடுவாள். டெல்சி வேலை முடிந்து வந்து அமைதியாக உட்கார்ந்து காப்பி குடித்தாள், காப்பி சூடாகவே இருந்தது. அந்தச் சூடு அவளுக்கு என்னவோ போலிருந்தது. தூத்தூரில் கடைசியில் என்னதான் நடந்தது என்று அவனிடம் கேட்டாள். அவன் ஆசையோடு நிமிர்ந்து, மூச்சை நன்றாக இழுத்து, "ஒரு" என்றான். அவள் காத்திருந்தாள். அவ்வளவுதான் வந்தது. அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கே பிரகாசி ஏற்கனவே அழுதுகொண்டிருந்தாள்.

"பிறந்ததுலருந்து எம் மவன் அம்மான்னு முழுசாக் கூப்பிடாத நாள் கெடையாது. இப்ப அம்மோட நிக்கான்."

"நாமதான மாமி வெட்டினோம்."

"ஆமா. ரெண்டு பேரும் சேந்துதான் வெட்டினோம்."

அதிலே ஒரு ஆறுதல் இருந்தது. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் பழைய பேச்சு எதையாவது ஞாபகப்படுத்திச் சொல்லிக்கொள்வார்கள், கிளீட்டஸ் நடுவில் உட்கார்ந்து "ஆம்" என்பான்.

வெட்டியது எங்கே போயிற்று என்பது படகிலிருந்து வந்த சேதிகளில் தெரிந்தது. இடமில்லாமல் நின்றுபோன பேச்சு முழுவதும் படகில், கிளீட்டஸ் படுத்திருந்த பலகையின்மேல் கிடந்து பேசிக்கொண்டே இருந்ததாம். முதலில் ஆட்களுக்குப் பொழுதுபோயிற்று. பிறகு பஞ்சை எடுத்துக் காதில் வைத்தார்கள். பிறகு சக்கரியாஸ் அனுப்பிய சேதிகள் எல்லாம் ஒரே மாதிரி வந்தன: சீக்கிரம் ஆள் அனுப்பவும். இதையும் பெட்டியிலேயே போட்டு அனுப்பிவிடுங்கள் என்று டெல்சி சொல்லிப் பார்த்தாள். அங்கே போட்டுப் பார்த்தார்கள். அதற்கு அதிகபட்சம் எவ்வளவு என்று பேச்சையே கேட்டதற்கு, அது தூத்தூரைத் தொடங்கிவிட்டது. சிவப்பு விளக்கு.

படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து துறைமுகத்தில் சேர்த்த அன்று மூன்று பேரும் போய் நின்றார்கள். சக்கரியாஸ் கண் குழி விழுந்து, தாடி வளர்ந்து, ஏணியில் இறங்கி வந்தார். "எடுத்துட்டுப் போங்க மக்களே. நான் கடல்ல புயலப் பாத்திருக்கேன்" என்றார். கிளீட்டஸ் அவரைத் தாண்டிக்கொண்டு படகுக்குள் ஓடினான்.

பிரகாசி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு டிரைவரை ஓரமாக இழுத்தாள். "அந்தப் பேச்சு என்னப் பத்தி ஏதும் சொல்லிச்சா?"

டெல்சி எதுவும் கேட்கவில்லை. ஆனால் கேட்கிற தூரத்தில் வந்து நின்றாள்.

சக்கரியாஸுக்கு வீட்டில் அம்மாவும் உண்டு, மனைவியும் உண்டு. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரப் பத்தியுந்தான்" என்றார். "ஒண்ணுபோல. ஒரு சொல்லு கூடல, கொறையல."

பாவம், மாமி மனசு நோகக்கூடாது என்று பெரிய மனுஷர் பொய் சொல்கிறார் என்று டெல்சி நினைத்து, பிரகாசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், புதுப்பெண் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறார் என்று பிரகாசி நினைத்து, அந்தக் கையை இறுக்கிக்கொண்டாள்.

படகின் உள்ளே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. கிளீட்டஸ் வெளியே வந்தான். "அம்மா" என்றான், ஒரு புள்ளி குறையாமல். "டெல்சி" என்றான். ஆட்டோவில் ஏறினார்கள். ஏறும் முன்பே அவன் தொடங்கியிருந்தான். வானத்துக்குப் போனால் காது எப்படி அடைக்கும், மேலிருந்து பார்த்தால் பங்கு அலுவலகத்து ஓடு எத்தனை உடைந்திருக்கிறது, ஃபாதர் கேட்டதற்கு அவன் உண்மையில் என்னென்ன சொல்ல நினைத்தான், அதைச் சொல்வதற்கு முன்னால் தூத்தூர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்வதற்கு முன்னால் வலைக்கடைக்காரர் யார் என்று தெரிய வேண்டும். காற்று முகத்தில் அடித்தது. டெல்சிக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது, பழைய தலைவலிதான், அவள் அதை நன்றாக அடையாளம் கண்டுகொண்டாள். பழக்கதோஷத்தில் "அதிகபட்சம்..." என்று வாயைத் திறந்தாள்.

பிரகாசி முழங்கையால் அவள் விலாவில் இடித்தாள்.

"கேக்காத பிள்ளே" என்றாள் காதோரம். "கேட்டா ஒரு அளவு சொல்லிப்போடுவான்."

டெல்சி கேட்கவில்லை. ஆட்டோக்காரரும் தலையைப் பாதி திருப்பிக் கதை கேட்டுக்கொண்டே ஓட்டியதால், வள்ளத்துறைக்குத் திரும்பும் வளைவு எப்போதோ பின்னால் போய்விட்டதை வண்டியில் இருந்த ஒருவரும் கவனிக்கவில்லை.